சிட்டையில் இருந்து தொடங்குங்கள்: ஏஐ ஏஜெண்டின் மெமரியை அழிப்பது எப்படி

போன ஆவணியில் நடந்தது இது. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் சித்தப்பாவுக்கு ஒரு கடை இருக்கிறது. உதிரிப் பூ வியாபாரம்தான் முக்கியம். முகூர்த்த மாதங்களில் கல்யாண மாலை, மணவறை அலங்காரம் எல்லாம் சேர்ந்துகொள்ளும். வாட்ஸ்அப்பில் வரும் ஆர்டர்களைக் கவனிக்க ஒரு ஏஐ ஏஜெண்டை நான்தான் அமைத்துக் கொடுத்திருந்தேன். யார் என்ன பூ வாங்குவார், எத்தனை மணிக்கு ஆள் அனுப்புவார், வீட்டில் என்ன விசேஷம் வருகிறது என்பதையெல்லாம் அது ஞாபகம் வைத்துக்கொள்ளும். சித்தப்பாவுக்கு அதில் ஏகப் பெருமை. "நம்ம கணக்குப்பிள்ளையை விட வெவரமா இருக்கேடா" என்பார்.

உசிலம்பட்டிப் பக்கத்து வாடிக்கையாளர் ஒருவர் மகள் கல்யாணத்துக்கு மாலை சொல்லியிருந்தார். கல்யாணம் நின்றுபோனது. போனில் சித்தப்பாவிடம் ரெண்டே வார்த்தையில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். சித்தப்பா என்னைக் கூப்பிட்டு, "அந்தக் கல்யாண ஆர்டரை அழிச்சுருடா, ஒரு எழுத்துகூட இருக்கக் கூடாது" என்றார். நானும் மெமரியைத் திறந்தேன், தேடினேன், அழித்தேன். ஒரு நிமிஷ வேலை. நாலாம் நாள் அவர் கோயிலுக்கு 2 கிலோ அரளி கேட்டு மெசேஜ் போட்டார். ஏஜெண்ட் அனுப்பிய பதில் இது: "அரளி 2 கிலோ குறித்துக்கொண்டேன் ஐயா. மகள் கல்யாண மாலைகளையும் இத்துடன் உறுதி செய்துவிடலாமா?"

அன்றைக்குச் சித்தப்பா என்னிடம் பேசவில்லை. அவர் நேரே போய் அந்த வீட்டில் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். தப்பு முழுக்க என்னுடையது. அழித்தேன் என்று நான் நினைத்தது, இருந்த ஐந்து இடங்களில் ஒரு இடத்தை மட்டும்தான். அதன் பிறகு கற்றுக்கொண்டதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். ஏஜெண்ட் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

சொந்தமாக ஏஜெண்ட் வைத்திராதவர்களுக்கு

சாட்ஜிபிடி, ஜெமினி மாதிரி செயலிகளை மட்டும் பயன்படுத்துகிறவர்கள் இந்தப் பகுதியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சாட்ஜிபிடியில் நினைவு இரண்டு விதம். ஒன்று, அது தனியாகக் குறித்து வைத்துக்கொண்ட வரிகள். செட்டிங்ஸில் பெர்சனலைசேஷன் என்ற பகுதிக்குள் போனால் அந்த வரிகளைப் பட்டியலாகப் பார்க்கலாம், ஒவ்வொன்றாகவோ மொத்தமாகவோ அழிக்கலாம். இன்னொன்று 2025 ஏப்ரலில் வந்தது: உங்கள் பழைய உரையாடல்களையே புரட்டிப் பார்த்துப் பதில் சொல்வது. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். உரையாடலை அழித்தால் குறித்து வைத்த வரி போகாது. வரியை அழித்தால் உரையாடல் போகாது. ஒரு விஷயம் முழுக்கப் போக வேண்டும் என்றால் இரண்டு இடத்திலும் அழிக்க வேண்டும். அப்படி அழித்த வரியின் பதிவைப் பாதுகாப்புக் காரணங்களுக்காக 30 நாள் வரை வைத்திருக்கலாம் என்று ஓப்பன்ஏஐ சொல்கிறது.

ஜெமினியில் ஆக்டிவிட்டி பக்கம் இருக்கிறது. தானாக அழியும் காலம் 18 மாதம் என்று வைத்திருப்பார்கள். அதை 3 மாதமாகக் குறைக்கலாம், 36 ஆகவும் கூட்டலாம். மனிதர்கள் பரிசோதனைக்காகப் படித்த உரையாடல்கள் மட்டும் நீங்கள் அழித்தாலும் 3 ஆண்டு வரை தனியே இருக்கும். கிளாடில் மெமரி ஒரு சுருக்கக் குறிப்பாக இருக்கும். செட்டிங்ஸில் பார்க்கலாம், திருத்தலாம், நிறுத்தி வைக்கலாம், மொத்தமாக ரீசெட் செய்யலாம். மெனுக்களின் பெயர்கள் அவ்வப்போது மாறும், பயப்பட வேண்டாம். மெமரி என்ற சொல்லைத் தேடினால் கிடைத்துவிடும்.

ரகசியமான ஒன்றைக் கேட்க வேண்டுமா? நினைவில் சேராத டெம்பரரி சாட்டைத் திறந்து கேளுங்கள். எழுதி அழிப்பதை விட எழுதாமல் இருப்பது லேசு.

முதல் படி: எங்கெல்லாம் எழுதியிருக்கிறது என்று பாருங்கள்

இனி சொந்தமாக ஏஜெண்ட் ஓட்டுகிறவர்களுக்கு. பழைய கடைக் கணக்கு தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். அன்றாடம் நடப்பதெல்லாம் முதலில் சிட்டையில் ஏறும். ராத்திரி கணக்குப்பிள்ளை உட்கார்ந்து சிட்டையைப் பார்த்து, ஆள்வாரியாகப் பேரேட்டில் பெயர்த்து எழுதுவார். வருஷக் கடைசியில் பேரேட்டைக் கூட்டி ஐந்தொகை போடுவார். பேரேட்டில் ஒரு வரியை மட்டும் அழித்தால் என்ன ஆகும்? மறுபடி சிட்டையைப் பார்க்கிறபோது கணக்குப்பிள்ளை, "அடடா, இது விட்டுப்போச்சே" என்று திரும்ப எழுதிவிடுவார். ஏஜெண்டும் அதையேதான் செய்தது.

சிட்டை என்பது உரையாடல் லாக். வந்த மெசேஜ், போன பதில், எல்லாம் வரிசையாக அதில் இருக்கும். பேரேடு என்பது மெமரி: லாக்கில் இருந்து மாடல் (ஏஜெண்டின் மூளையாக இருக்கும் ஏஐ) பிழிந்தெடுத்த சின்னச் சின்ன உண்மைகள். 'இவர் வெள்ளிக்கிழமை மல்லி வாங்குவார்', 'இவருக்குச் சம்பங்கி வேண்டாம்' என்கிற மாதிரி. இவை பெரும்பாலும் வெக்டர் டேட்டாபேஸில் எம்பெடிங்குகளோடு, அதாவது வாசகத்தின் பொருளைக் குறிக்கும் எண் வரிசைகளோடு, சேர்ந்து கிடக்கும். ஐந்தொகை என்பது சுருக்கங்கள்: நாள் சுருக்கம், வாடிக்கையாளர் புரொஃபைல்.

இவை போக இன்னும் சில மூலைகள் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் உரையாடலின் செக்பாயிண்ட், அதாவது பேச்சு எங்கே நிற்கிறது என்று சேமித்த நிலை. பதில் வேகமாக வர வைத்திருக்கும் கேச். ஏஜெண்ட் எந்தப் படியில் என்ன செய்தது என்று பார்க்க வைத்திருக்கும் டிரேஸ் பதிவுகள் (இதில் முழு பிராம்ட்டும், அதாவது மாடலுக்குக் கொடுத்த வாசகம் எல்லாம், அப்படியே இருக்கும், நிறைய பேர் மறந்துவிடுவார்கள்). கூகுள் ஷீட்டுக்குத் தானாகப் போகும் ஆர்டர் பட்டியல். பேக்கப்.

ஒரு காகிதத்தை எடுத்து இவற்றை எழுதுங்கள். நான் எழுதியபோது ஐந்து வந்தது: லாக் டேபிள், வெக்டர் பதிவுகள், நாள் சுருக்கம், புரொஃபைல், செக்பாயிண்ட். நான் அழித்திருந்தது வெக்டர் பதிவில் ஒன்றை. ராத்திரி 11 மணிக்கு ஓடும் வேலை லாக்கைப் படித்து புரொஃபைலைப் புதிதாக எழுதியபோது கல்யாணம் மறுபடி உள்ளே வந்துவிட்டது.

இரண்டாம் படி: எழுதுகிற கையை நிறுத்துங்கள்

அழிக்கும் முன் அந்த வாடிக்கையாளருக்கு மட்டுமாவது ஏஜெண்டை நிறுத்தி வையுங்கள். பின்னணியில் ஓடும் சுருக்க வேலைகளையும் நிறுத்துங்கள். நீங்கள் பாதி அழித்துக்கொண்டிருக்கும்போது அவர் ஒரு மெசேஜ் போட்டால், பழைய உரையாடல் முழுவதையும் படித்துவிட்டு ஏஜெண்ட் புதிதாக ஒரு மெமரியை எழுதிவிடும். பூ மார்க்கெட்டில் மதியத்துக்கு மேல் சந்தடி அடங்கிவிடும், எனக்கு அந்த நேரம் தோது. உங்கள் தொழிலில் எந்த நேரம் அமைதியோ அந்த நேரத்தில் செய்யுங்கள்.

மூன்றாம் படி: சரியான ஆளைக் கண்டுபிடியுங்கள்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும், ஏனென்றால் பெரிய விபத்துகள் இந்தப் படியில்தான் நடக்கும்.

நம் ஊரில் ஒரு ஆளுக்கு ஒரு நம்பர் என்பதெல்லாம் கிடையாது. அவருக்கு ஒன்று, மச்சான் போனில் இருந்து ஒன்று, வண்டிக்காரர் போனில் இருந்து ஒன்று என்று ஆர்டர் வரும். பெயரும் அப்படித்தான். முத்துப்பாண்டி என்று ஒரு பெயரை எடுத்துக்கொள்வோம். ஒற்றெழுத்து இருந்தும் இல்லாமலும், எம். பாண்டி என்றும், ஊர்ப்பெயரோடு சேர்த்து உசிலை பாண்டி என்றும், இங்கிலீஷ் எழுத்தில் நாலு விதமாகவும் பதிவாகியிருக்கும். எங்கள் வாடிக்கையாளருக்கு இரண்டு யூசர் ஐடி இருந்தது. இரண்டாவதில் அவர் தம்பி அனுப்பிய மெசேஜ்: 'அண்ணன் மக கல்யாணத்துக்கு சடைப்பூ எவ்வளவுண்ணே?' அதுவும் ஒரு மெமரி ஆகியிருந்தது.

ஆகவே முதலில் அவர் சம்பந்தப்பட்ட எல்லா ஐடியையும் சேர்த்து எழுதுங்கள். அப்புறம் அந்த ஐடி ஒவ்வொன்றின் கீழும் இருக்கும் மெமரி அனைத்தையும் பட்டியலாக எடுங்கள். பட்டியல் என்கிறேன், தேடல் இல்லை. வெக்டர் தேடல் பொருளில் நெருங்கியதைத் தேடுவது, அதற்கு 'இல்லை' என்று சொல்லத் தெரியாது. 'கல்யாணம்' என்று தேடினால், கிட்டத்தில் இருக்கும் ஐந்தோ பத்தோ பதிவுகளை அது எப்படியும் கொண்டுவந்து கொட்டும். ஆறாவது பதிவு உங்கள் கண்ணில் படாது. வந்த ஐந்தில் இரண்டு மேலூர்க்காரர் வீட்டுக் கல்யாணமாக இருக்கும். அந்தத் தேடல் முடிவை அப்படியே அழிக்கக் கொடுத்தால், வேறொருவர் முகூர்த்தத்துக்கு மாலை போகாது. ஐடியை வைத்து வடிகட்டிப் பட்டியல் எடுத்து, ஒவ்வொரு வரியையும் கண்ணால் படித்து, அழிக்க வேண்டிய பதிவுகளின் ஐடிகளை மட்டும் தனியே எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை என்று எண்ணியும் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

இன்னொரு ஆசையும் வரும்: 'ஏஜெண்டிடமே சொல்லி அழிக்கச் சொன்னால் என்ன?' நான் சொல்லிப் பார்த்தேன். "சரி, அந்தத் தகவலை நீக்கிவிட்டேன்" என்று பணிவாகப் பதில் வந்தது. லாக்கைப் பார்த்தால் டெலீட் டூலை அது கூப்பிடவே இல்லை. மாடலுக்கு அந்த வாக்கியம் எழுதுவது சுலபம், அவ்வளவுதான். டூல் கூப்பிடப்பட்டதா, என்ன ஐடி போனது, என்ன பதில் வந்தது என்று லாக்கில் பார்க்காத வரை அந்த "சரி"யை நம்பாதீர்கள்.

நான்காம் படி: எதை அழிப்பது, எதைத் திருத்துவது

எல்லாமே அழிக்க வேண்டியது இல்லை. முகவரி மாறியிருந்தால் திருத்தினால் போதும். அன்றைய விலை மாதிரியான விஷயங்களை மெமரியில் வைத்ததே தப்பு. மல்லி விலை காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று. சாதாரண நாளில் நூறுகளில் இருப்பது முகூர்த்தத்தில் ஆயிரங்களுக்குப் போகும். நேற்றைய விலையை ஞாபகம் வைத்திருக்கும் ஏஜெண்ட் கடைக்கு நட்டத்தைத்தான் கொண்டுவரும். அப்படிப்பட்ட பதிவுகளுக்குக் காலாவதி நேரம் வையுங்கள். பல மெமரி கருவிகளில் அந்த வசதி உண்டு. இல்லாவிட்டால் தேதி பார்த்துப் பழையதை அழிக்கும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிவிடலாம்.

நிலுவைத் தொகை, பில், அட்வான்ஸ் இவை மெமரியில் இருக்கவே கூடாது. அவை கணக்குப் புத்தகத்தில் அல்லது பில்லிங் மென்பொருளில் இருக்க வேண்டும். ஜிஎஸ்டியில் பதிவு செய்த வியாபாரம் என்றால், அந்த ஆண்டுக்கான வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியில் இருந்து 72 மாதம் கணக்கைப் பாதுகாக்க வேண்டும். அதனால் வாடிக்கையாளர் 'என்னைப் பற்றி எல்லாத்தையும் அழிங்க' என்று சொன்னாலும் பில்லை அழிக்க முடியாது. ஏஜெண்ட் எழுதி வைத்த வீட்டு விஷயங்களைத் தாராளமாக அழிக்கலாம்.

ஒரு குறுக்கு வழி எல்லோருக்கும் தோன்றும், எனக்கும் தோன்றியது. அழிப்பதற்குப் பதிலாக, 'இவரிடம் மகள் கல்யாணத்தைப் பற்றிப் பேசாதே, அது நின்றுவிட்டது' என்று ஒரு புதிய மெமரி எழுதினால் என்ன? எழுதிப் பார்த்தேன். இப்போது அவர் அரளி கேட்டாலும் அந்த வரியும் மாடல் முன் வந்து நிற்கும். ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் "தங்கள் வருத்தம் புரிகிறது" என்று எழுதிவைக்கும். அந்த வரியையும் சேர்த்து அழித்தேன்.

ஐந்தாம் படி: அழித்தல், கீழிருந்து மேலே

வரிசை முக்கியம். முதலில் சிட்டை, பிறகு பேரேடு, கடைசியில் ஐந்தொகை. அதாவது லாக்கில் அந்த மெசேஜ்கள். பிறகு அவற்றில் இருந்து வந்த மெமரிகள். பிறகு சுருக்கமும் புரொஃபைலும். கேச்சும் செக்பாயிண்டும் கடைசியில். சுருக்கத்தில் ஒரு வரியை மட்டும் கையால் நீக்க வேண்டாம். மொத்தச் சுருக்கத்தையும் அழித்துவிட்டு, சுத்தமான லாக்கில் இருந்து மறுபடி எழுத வையுங்கள்.

கருவிகளைப் பற்றிச் சில விவரங்கள்.

மெம்ஜீரோ என்ற ஓப்பன் சோர்ஸ் கருவியில் டெலீட் என்றால் ஒரு மெமரி ஐடியைக் கொடுத்து ஒன்றை அழிப்பது. டெலீட் ஆல் என்றால் யூசர் ஐடியைக் கொடுத்து அவருடையதை எல்லாம் அழிப்பது. ஐடி எதுவும் கொடுக்காமல் டெலீட் ஆலைக் கூப்பிட்டால் அது வேலை செய்யாமல் பிழை காட்டும். நல்ல காவல் இது. ரீசெட் என்று ஒன்று இருக்கிறது, அதைத் தொடாதீர்கள், மொத்தக் கடையும் காலியாகிவிடும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மெமரி எப்போது வந்தது, எப்போது மாறியது, எப்போது போனது என்ற வரலாற்றையும் அது ஒரு தனி எஸ்க்யூலைட் (SQLite, ஒரே கோப்பில் இருக்கும் சின்ன டேட்டாபேஸ்) கோப்பில் எழுதுகிறது. நீங்கள் ஒன்றை அழித்தால், 'அழிக்கப்பட்டது' என்ற பதிவோடு பழைய வாசகமும் அந்த வரலாற்றில் போய் உட்கார்ந்துகொள்ளும். தவறாக அழித்தால் மீட்க அது உதவும். நிஜமாகவே அழிய வேண்டும் என்றால் அந்த வரலாற்று வரியையும் தேடி அழிக்க வேண்டும்.

ஏஜெண்ட் கட்ட உதவும் லாங்கிராஃபில் நீண்டகால மெமரி ஸ்டோரில் இருக்கும், உரையாடலின் நிலை செக்பாயிண்டரில் இருக்கும். இரண்டுக்கும் அழிக்கும் கட்டளை வேறு வேறு. ஸ்டோரில் அழித்துவிட்டு, செக்பாயிண்டரில் இருக்கும் திரெட்டை (அந்த உரையாடலை) அழிக்காமல் விட்டால் பழைய பேச்சு அப்படியே தொடரும்.

மெமரியைக் கோப்புகளாக வைக்கும் முறையும் பரவலாகி வருகிறது. கிளாடுக்காக ஆந்த்ரோபிக் 2025 செப்டம்பரில் கொடுத்த மெமரி டூல் அப்படித்தான்: மெமரீஸ் என்ற ஃபோல்டருக்குள் கோப்புகளை மாடல் பார்க்கும், உருவாக்கும், திருத்தும், அழிக்கும், கோப்புகள் இருப்பது உங்கள் சர்வரில். ஆரம்பக்காரர்களுக்கு நான் இதைத்தான் சிபாரிசு செய்வேன். கண்ணால் திறந்து படிக்கலாம், சாதாரண எடிட்டரிலேயே அழிக்கலாம். ஆனால் அந்த ஃபோல்டரை கிட்டில் (Git, கோப்புகளின் பழைய வடிவங்களைச் சேமிக்கும் கருவி) சேர்த்திருந்தால், கோப்பை அழித்தாலும் பழைய கமிட்டுகளில், அதாவது முன்பு சேமித்த வடிவங்களில், அது இருந்துகொண்டே இருக்கும். மெமரி ஃபோல்டரை கிட்டில் சேர்க்காதீர்கள்.

எம்பெடிங்கை மட்டும் விட்டுவைக்கலாமா, அது வெறும் எண்கள்தானே என்று ஒரு நண்பன் கேட்டான். விட்டுவைக்கக் கூடாது. 2023இல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எம்பெடிங்கை மட்டும் வைத்துக்கொண்டு 32 டோக்கன் (சொல் அல்லது சொல் துண்டு) நீளமுள்ள வாசகங்களில் 92 சதவீதத்தை அட்சரம் பிசகாமல் மீட்டுக் காட்டினார்கள். அந்த எண்களும் எழுத்து மாதிரிதான்.

ஆறாம் படி: டேட்டாபேஸ் நிஜமாகவே அழித்ததா

டெலீட் கட்டளை முடிந்ததும் டிஸ்கில் இருந்தே போய்விட்டது என்று நினைக்காதீர்கள். பெரும்பாலான டேட்டாபேஸ்கள் முதலில் 'இது செல்லாது' என்று ஒரு அடையாளம் மட்டும் போடும்.

எஸ்க்யூலைட்டில் அழித்த வரியின் எழுத்துகள் காலிப் பக்கங்களில் அப்படியே கிடக்கும், வேறு ஏதாவது அதன் மேல் எழுதப்படும் வரை. செக்யூர் டெலீட் என்ற அமைப்பை (பிரக்மா) முன்பே போட்டு வைத்திருந்தால் பூஜ்யங்களால் நிரப்பிவிடும். இல்லாவிட்டால் அழித்த பிறகு வேக்கும் (VACUUM) என்ற சுத்தம் செய்யும் கட்டளையை ஓட்டுங்கள், கோப்பு புதிதாக எழுதப்படும். WAL முறையில், அதாவது மாற்றங்களை முதலில் தனிக் கோப்பில் எழுதும் முறையில், ஓடினால் பக்கத்தில் ஒரு WAL கோப்பு இருக்கும். டேட்டாபேஸின் செக்பாயிண்ட் கட்டளையைப் போட்டு (உரையாடல் செக்பாயிண்ட் வேறு) அதையும் காலி செய்யுங்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸிலும் அழித்த வரி வேக்கும் ஓடும் வரை செத்த வரியாக உள்ளேயே இருக்கும்.

க்யூட்ரண்ட் வெக்டர் டேட்டாபேஸில் ஒரு வேடிக்கை உண்டு. அழித்த புள்ளிகள் தேடலில் வராது, அது உடனே நின்றுவிடும். ஆனால் பதிவுகளை அது துண்டு துண்டாக வைத்திருக்கும்; ஒரு துண்டைச் சுத்தமாக மறுபடி எழுதுவது, அழித்தவை 20 சதவீதத்தைத் தாண்டினால்தான்; அந்தத் துண்டில் குறைந்தது 1000 வெக்டராவது இருக்க வேண்டும். இவை ஆரம்ப அமைப்பில் இருக்கும் எண்கள். ஒரு பூக்கடைக்கு மொத்தமே 400 மெமரி என்றால், அந்தச் சுத்தம் நடக்கவே நடக்காது. சின்னக் கடைகளுக்கு நான் செய்வது: வேண்டிய பதிவுகளை மட்டும் புதிய கலெக்‌ஷனுக்கு (பதிவுத் தொகுப்புக்கு) மாற்றிவிட்டு, பழையதை மொத்தமாக நீக்கிவிடுவது. 400 பதிவுக்கு அது சில விநாடி வேலை.

ஏஜெண்ட் தப்பாகப் பேசாமல் இருந்தால் போதும் என்பவர்கள் இந்தப் படியை ஆறப் போடலாம். வாடிக்கையாளர் கேட்டு அழிக்கிறீர்கள் என்றால் ஆறப் போட முடியாது. 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, தன் தகவலைத் திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமையைத் தருகிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன. கேட்பவர் அவர்தானா என்று மட்டும் பாருங்கள். பதிவான அதே நம்பரில் இருந்து கேட்டால் எனக்குப் போதும், வேறு நம்பர் என்றால் சித்தப்பாவை ஒரு போன் போடச் சொல்வேன்.

ஏழாம் படி: கேட்டுப் பாருங்கள்

சோதனையைப் பழைய உரையாடலிலேயே செய்யாதீர்கள். அழித்தது அந்த உரையாடலின் மேல்பகுதியில் எழுத்தாகவே இருக்கும், மாடல் அதைப் பார்த்துச் சொல்லும், நீங்கள் அழியவில்லை என்று பதறுவீர்கள். ஏஜெண்டை மறுபடி ஓடவிட்டு, அதே யூசர் ஐடியில் புத்தம் புதிய உரையாடல் தொடங்குங்கள்.

நேராக ஒரு கேள்வி: 'எங்க வீட்டுல என்ன விசேஷம்?' பக்கவாட்டில் ஒரு கேள்வி: 'அடுத்த மாசம் எனக்கு எவ்வளவு பூ தேவைப்படும்?' பக்கவாட்டுக் கேள்வியில்தான் குட்டு வெளிப்படும். நேர்க் கேள்விக்கு "தெரியாது" என்ற ஏஜெண்ட், இதற்கு 'கல்யாணத்துக்கு 20 மாலை' என்று கணக்குப் போட்டுவிடும். கடைசியாக, உண்மையில் நடந்தது மாதிரியே, '2 கிலோ அரளி வேணும்' என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். இரண்டாவது ஐடியிலும் இதே மூன்றையும் கேளுங்கள்.

பேச்சில் வராவிட்டால் மட்டும் போதாது. டேட்டாபேஸ் கோப்புகளிலும் லாக் ஃபோல்டரிலும் அந்தச் சொல்லை நேரடியாகத் தேடுங்கள், தமிழிலும், இங்கிலீஷ் எழுத்தில் எழுதிய தமிழிலும். மூன்றாம் படியில் எண்ணி வைத்த எண்ணிக்கையோடு, அழிந்த எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள். ராத்திரி வேலை ஒரு முறை ஓடி முடிந்த பிறகு மறுநாள் இன்னொரு முறை சோதியுங்கள். நான் அன்றைக்கு இந்த ஒன்றைச் செய்திருந்தாலே போதும், அந்த வீட்டுக்கு அப்படி ஒரு மெசேஜ் போயிருக்காது.

பேக்கப்

பேக்கப்புக்குள் போய் ஒரு வரியை மட்டும் அழிப்பது நடக்காத காரியம். அதற்குப் பதில், பேக்கப் எத்தனை நாள் இருக்கும் என்று முடிவு செய்யுங்கள். நான் 7 நாள் வைத்திருக்கிறேன், எட்டாம் நாள் பழையது தானாகப் போய்விடும். நடுவில் ஏதாவது கோளாறாகி பேக்கப்பில் இருந்து மீட்க நேர்ந்தால், அழித்ததெல்லாம் உயிர்த்தெழுந்து வரும். அதனால் அழித்த மெமரிகளின் ஐடிகளை ஒரு தனிக் கோப்பில் வைத்திருக்கிறேன். ஐடி மட்டும்தான், வாசகம் கிடையாது. மீட்ட பிறகு அந்தப் பட்டியலை வைத்து முதல் வேலையாக மறுபடி அழிக்கும் ஸ்கிரிப்ட் ஓடும்.

புதிதாக அமைக்கிறவர்கள் முதலிலேயே செய்ய வேண்டியது

ஒவ்வொரு மெமரியோடும் அது எந்த மெசேஜில் இருந்து வந்தது என்ற ஐடியையும் சேர்த்து வையுங்கள். சுருக்கத்தோடு, அது எந்தெந்த மெமரிகளில் இருந்து வந்தது என்பதையும். அது இருந்தால், ஒரு மெசேஜை அழிக்கும்போது அதன் பிள்ளை பேரன் எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் பின்தொடர்ந்து அழிக்கலாம். இது இல்லாததால்தான் நான் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து கண்ணால் படிக்க வேண்டியிருந்தது.

மெமரி எழுதும் பிராம்ட்டிலேயே எதை எழுதக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். எங்கள் ஏஜெண்டுக்கு இப்போது பூ வகை, எடை, நேரம், டெலிவரி இடம் இவ்வளவுதான் அனுமதி. விசேஷம் என்னவென்று எழுதாது, தேதியும் தேவையும் மட்டும் எழுதும். சித்தப்பாவுக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான். "வீட்டு விசேஷத்தை விசாரிக்காம என்னடா யாவாரம்" என்றார். அதை நீங்களே விசாரியுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

சொந்தத் தரவை வைத்து மாடலையே ஃபைன்டியூன் செய்திருந்தால், அதாவது கூடுதலாகப் பயிற்றுவித்திருந்தால், மேலே சொன்ன எதுவும் பலிக்காது. மாடலின் உள்ளே இருக்கும் எண்களுக்குள் (வெயிட்ஸ்) கரைந்ததை ஒரு ஐடி கொடுத்து எடுக்க வழியில்லை. அந்தத் தரவை நீக்கிவிட்டு மறுபடி பயிற்றுவிக்கத்தான் வேண்டும். வாடிக்கையாளர் பேச்சை வைத்து ஃபைன்டியூன் செய்யும் யோசனையைப் புதியவர்கள் விட்டுவிடுவது நல்லது.

இவ்வளவும் செய்து முடித்து, சோதித்து, சித்தப்பாவிடம் போய், "இப்ப எங்கேயும் இல்லை சித்தப்பா" என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் போனில் எதையோ தள்ளித் தள்ளிப் பார்த்தார். பிறகு போனை என் பக்கம் திருப்பினார். கேலரியில் அந்தக் கல்யாணப் பத்திரிகையின் போட்டோ, வாட்ஸ்அப்பில் வந்து தானாகச் சேமித்தது. கூகுள் போட்டோஸிலும் ஏறியிருந்தது. அங்கே பேக்கப் ஆன படத்தை அழித்தால் பின் (Bin) என்ற குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும். அதனால் படத்தை அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்து, வாட்ஸ்அப்பில் படங்கள் தானாகக் கேலரிக்குப் போகும் அமைப்பையும் நிறுத்திவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தேன்.